கென்கன் அசுரா: சண்டை பிடித்திருக்கிறது, மாங்கா படித்தவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பவானிக்கரை (ஈரோடு):
கென்கன் அசுரா என்கிற ஜப்பான் காமிக்ஸை (மாங்கா) 3டி அனிமேஷன் தொடராக (அனிமே) எடுத்திருக்கிறார்களே, அதில் 2019-ல் வந்த 24 எபிசோடையும் நாலே ராத்திரியில் முடித்துவிட்டேன். முதல் எபிசோடில் எல்லாரும் பொம்மை மாதிரி தெரிந்தார்கள், நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் விரலாலேயே சதையைக் கிழிக்கிற ரிஹிதோவும் நாயகன் ஒமாவும் மோதியபோது பொம்மை என்ற நினைப்பே போய்விட்டது. மாங்கா படித்த நண்பனோ "இதில் பாதிகூட வரலை" என்கிறான். 27 தொகுதியையும் படிக்கலாமா, இல்லை 2023, 2024-ல் வந்த இரண்டாம் சீசனுக்கே போய்விடலாமா? சண்டைக்கலை பழகியவர்கள் இருந்தால் நீங்களும் சொல்லுங்க.

கோபி காலடி:
நான் 8 வருசமாகச் சிலம்பம் பழகுகிறேன். முதல் மூணு மாதம் ஆசான் கம்பையே தொடவிடவில்லை, வெறும் காலடிதான். அதுவும் தண்ணீர் தெளித்த மண்ணில். சுவடு (காலடி வரிசை) முடிந்ததும் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குதிகால் எங்கே அழுந்தியது, விரல் எங்கே இழுபட்டது என்று குனிந்து பார்ப்பார். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த அனிமேயில் சில இடங்களில் கால் தரையில் பதியவே இல்லை, வழுக்குகிறது. அடி விழும் வேகம் இருக்கிறது, அந்த அடி எந்தக் காலிலிருந்து கிளம்பியது என்பது தெரியமாட்டேன் என்கிறது.

ஆனால் எதிராளியின் பலத்தையே திருப்பிவிடுகிற ஒமாவின் நிகோ பாணி நகர்வுகள் அருமை. வருகிற கையை ஒமா தடுக்காமல் கூடவே போய் லேசாகத் திசை மாற்றுகிறான் பாருங்க, அதை அசைவில் பார்த்தால்தான் புரியும். மாங்காவில் நாலு கட்டத்தில் நாமே ஊகிக்க வேண்டும். அதில் அனிமேவுக்குத்தான் என் ஓட்டு.

கோவை முப்பரிமாணம்:
என் வேலையே 3டி அனிமேஷன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இரண்டு உடம்பு பின்னிக்கொண்டு புரளும் சண்டையைக் கையால் வரைவது மிகக் கஷ்டம். தோள், முழங்கை, விரல் எல்லாம் ஒவ்வொரு பிரேமிலும் சரியான இடத்தில் இருக்கணும், கொஞ்சம் பிசகினாலும் கண்ணில் குத்தும். 3டியில் உருவத்தை ஒருமுறை கட்டிவிட்டால் தசையின் அளவு மாறாது, கேமராவையும் சுற்றிக் கொண்டுபோகலாம். மாங்காவில் தாரோமியோன் வரைந்த அந்த மலை மாதிரி உடம்புகளை இத்தனை மணி நேரம் கையால் வரைந்திருந்தால் பாதிச் சண்டை அசையாத படமாகத்தான் வந்திருக்கும். மல்யுத்த வீரர் செகிபயாஷி, சுமோ வீரர் கியோசானிடம் ஒதுங்காமல் அத்தனை அடியையும் வாங்கும் சண்டையைத் திரும்பப் பாருங்க. அந்த எடை 3டி தந்தது.

தோற்றது முகத்தில். வரைகிறவர் நினைத்தால் வாயை முகத்தைவிடப் பெரிதாகக்கூட வரைவார். 3டி முகமோ ரிக் (உருவத்தை அசைக்க உள்ளே கட்டும் எலும்புக்கூடு மாதிரியான அமைப்பு) விடுகிற அளவுக்குத்தான் அசையும்.

திருப்பூர் சாம்பிள்ரூம்:
முகம் என்றதும் எனக்கு ஒமாவுக்குப் பொறுப்பாக வரும் 56 வயது ஆபீஸ்காரர் யமாஷிதா கசுவோ ஞாபகம்தான். ஏனுங்க, எல்லாரும் சண்டையையே பேசுகிறீர்கள், ஜப்பானின் எடோ காலத்திலிருந்து (1603–1868) வியாபாரத் தகராறை அடியாள் வைத்துத் தீர்க்கிறார்கள் என்பதுதானே கதையின் அடித்தளமே! நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு ஆர்டர் கைமாறினால் தையல் லைன் எத்தனை நாள் சும்மா கிடக்கும் என்று தெரிந்தவன். அதனால் ஒமா தோற்றால் கசுவோ தலையில் என்னவெல்லாம் விழும் என்று நினைத்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. மாங்காவில் கசுவோவின் வியர்வை, நடுங்கும் தாடை எல்லாம் பக்கம் பக்கமாக வரும். அனிமேயில் அந்தப் பயம் பாதிதான் வந்தது.

இன்னொன்று, நடுச் சண்டையில் நிறுத்தி விளக்கம் சொல்வது. பிறவியிலேயே பலவீனமான உடம்போடு, எதிராளியின் அடுத்த அடியைக் கணித்தே மோதும் கானெடா, தாய்லாந்துக்காரன் காவ்லாங்கோடு சண்டையிடும் இடம். படிக்கும்போது அந்தக் கணக்கை நாமும் நின்று யோசித்துப் பார்ப்போம். திரையில் கை பாதியில் தொங்க, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

பவானிக்கரை (ஈரோடு):
கானெடா தோற்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டதுங்க, படிக்கும்போது இன்னும் இருக்கும் என்றால் விடமாட்டேன். கோபி அண்ணா சொன்ன காலடியைக் கவனித்து ரிஹிதோ சண்டையை இப்போதுதான் மறுபடி போட்டுப் பார்த்தேன், கால் வழுக்குவது நன்றாகவே தெரிகிறது. அப்போ கதையில் வரும் போட்டியின் முதல் சுற்று வரைக்கும் மாங்கா, அப்புறம் இரண்டாம் சீசன், சரிதானே?

கோபி காலடி:
சரி தம்பி. கானெடா பகுதியை மட்டும் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் படிக்காதீங்க.