சுங்கை சிப்புட் பக்கத்து எங்கள் தோட்டத்தின் கதையை எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம்?

தோட்டத்துப் பேத்தி:
வணக்கம். என் பாட்டி பிறந்து வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. கம்பெனித் தாள்களில் ஏக்கர் கணக்கும் துரைமார் பெயர்களும்தான் கிடைக்கின்றன. பால் வெட்டிய ஒருவர் பெயர்கூட இல்லை. பாட்டியிடம் "பழைய கதை சொல்லுங்கள்" என்றால் "என்னம்மா கதை, வேலை செஞ்சோம், இருந்தோம்" என்று முடித்துவிடுகிறார். எப்படிக் கேட்பது?

பழைய வெட்டுக்காரன்:
பாட்டியிடம் வருஷம் கேட்காதீர்கள் மகளே, வேலையைக் கேளுங்கள். விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் யார் பெயர் கூப்பிட்டார்? வெட்டுவதற்கு எந்த நிரை, எந்த மர வரிசை, உங்களுக்கு? நான் என் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டேன். மரத்துக்கு மரம் போய், வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பதைக் கையால் செய்தே காட்டினார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் ஏச்சு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால்தான் இருட்டிலேயே ஓட்டம். மழை பெய்தால் வெட்டு இல்லை. கை வேலையைச் சொல்லத் தொடங்கியதும் பக்கத்து நிரைக்காரி, அவள் பிள்ளை, சண்டை, கல்யாணம் எல்லாம் தானாக வந்தன.

வருஷத்தை நீங்கள் பிறகு பொருத்திக்கொள்ளலாம். கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊர்ப் பக்கத்து ஆட்களைத்தான் கூட்டி வந்தார், அதனால் கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் பெரும்பாலும் தெரிந்துவிடும். 1938-ல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்புக்குத் தடை போட்டது. ஆகவே உங்கள் குடும்பம் கங்காணி வழியாக வந்திருந்தால் அதற்கு முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். "சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை" என்று பாட்டி சொன்னால் அது 1942, 43, சயாமில், இன்றைய தாய்லாந்தில், ஜப்பான்காரன் நம் ஆட்களைக் கொண்டுபோய் ரயில் பாதை போட்ட காலம். அந்தப் பெயர்களை முதலில் எழுதிவிடுங்கள். அவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

1948 ஜூன் 16-ல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுடப்பட்டது நம்ம சுங்கை சிப்புட்டில்தான். கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒடுக்க 18-ல் நாடு முழுக்க அவசரகாலம். புத்தகங்களில் அந்த மூன்று பெயர்கள் இருக்கும். முள்வேலிக்குள் இருந்துகொண்டு, வெட்டுக்குப் போகும்போது போராளிகள் கைக்குப் போய்விடும் என்ற தடையால் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப் போக முடியாமல் பசியோடு நிரையை முடித்தவர்களைப் பற்றி உங்கள் பாட்டிதான் சொல்ல வேண்டும்.

கெடாக்காரர்:
தோட்டத் துண்டாடல் நடந்ததா என்றும் கேளுங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது எத்தனையோ குடும்பங்கள் லயத்தையும் வேலையையும் ஒன்றாக இழந்தன. அதைப் பார்த்துத்தான் அப்போது மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே எங்கள் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பாட்டியின் பெட்டியில் அந்தச் சங்கத்தின் பங்குச் சீட்டு இருக்கிறதா பாருங்கள்.

பழைய வெட்டுக்காரன்:
சரியாகச் சொன்னீர்கள். அதோடு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையைப் பற்றியும் கேளுங்கள். 1969-க்குப் பிறகு அவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்து, இங்கேயே பிறந்த பிள்ளைகளோடு பலர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் லயத்தில் இரண்டு வீடு அப்படித்தான் காலியானது. பானை, ஆட்டுரல் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தோட்டத்துப் பேத்தி:
ஐயா, நேற்று ராத்திரி நிரையைப் பற்றிக் கேட்டேன். பாட்டி ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை! சயாம் போன தன் சித்தப்பா பெயரை முதல் தடவையாகச் சொன்னார், எங்கள் அப்பாவுக்கே தெரியாத பெயர். எழுதிவிட்டேன். கோயில் தலைவரிடம் பழைய திருவிழா வரி நோட்டு இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே வேறு என்ன கேட்கலாம்?

பழைய வெட்டுக்காரன்:
வரி நோட்டில் லயம் வாரியாகப் பெயர் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள், பாட்டி ஒவ்வொரு பெயரையும் வாசிக்கும்போது போனில் பதிவு போட்டுவிடுங்கள்.