புதுப்பிப்பு: தளத்தின் ஆரஞ்சு நிறத்தையே அலுவலகச் சுவருக்கும் கொண்டுவந்த கதை

எங்கள் வலைத்தளத்தின் ஆரஞ்சையே புது அலுவலகச் சுவருக்கும் கொண்டுவர முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

முதலில் தளம். ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்டை, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை, அளக்கச் சொன்னார் ஒருவர். அளந்தால் 2.9:1 தான். டபிள்யூசிஏஜி என்ற, எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டுதலின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கே 3:1 வேண்டும். ஆரஞ்சைத் தொடாமல் எழுத்தைக் கறுப்பாக்கினோம், 7:1 தாண்டிவிட்டது.

சுவர்தான் இழுத்தடித்தது. திரையில் தெரியும் நிறத்தை நம்பிப் பெயின்ட் கலக்காதீர்கள், பெரிய அட்டையில் அடித்து அதே சுவரில் சாய்த்துவைத்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள் என்ற யோசனைதான் காப்பாற்றியது. சின்ன சாம்பிளில் சாதுவாக இருந்த ஆரஞ்சு, பெரிய அட்டையில் கண்ணைப் பறித்தது. மஞ்சள் சாயலுள்ள 2700 கெல்வின் விளக்கில் இன்னும் சிவந்தது. இன்னும் வெள்ளையான 4000 கெல்வினுக்கு மாறியதும் கொஞ்சம் அடங்கியது. கடைசியில் சற்று மங்கலான நிறத்தை நுழைவாயில் சுவருக்கு மட்டும் அடித்தோம். அளந்து பார்த்தால் தளத்தின் நிறத்தோடு பொருந்தாது. ஆனால் வருகிறவர்கள் இரண்டும் ஒன்று என்றுதான் நினைக்கிறார்கள், அது போதும்.

எதிர்பாராத ஒன்று: வெயில் அந்தச் சுவரில் பட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் வெள்ளைச் சட்டைகூட பீச் நிறமாகிறது. திரையில் நிறம் பார்க்கும் கண்ணை அது ஏமாற்றும் என்பதால் வடிவமைப்பாளர்களின் மேசைகளை அங்கிருந்து நகர்த்தி, அவர்கள் பக்கத்துச் சுவர்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தோம். படம் திருத்தும் வேலை உள்ளவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

60-30-10 கணக்கை (முதன்மை நிறம் 60%, துணை நிறம் 30%, எடுப்பான நிறம் 10%) சொன்னவருக்கு: தளத்தில் உதவியது. அறையில் நாற்காலிகள் வந்ததும் கலைந்துவிட்டது.