டி.இ.எம். படத்தில் கருந்துகள்கள்: லெட் (ஈய) சாயத்தை எப்படி அடக்குவது?

வணக்கம். தாவரத் திசுவை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (டி.இ.எம்.) பார்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

மாதிரி பசலைக்கீரை இலை, 1 மி.மீ. துண்டுகள். திசு சிதையாமல் நிலைப்படுத்த, பாஸ்பேட் பஃபரில் (பி.எச். 7.2) கலந்த 2.5% குளூட்டரால்டிஹைடில் ஓர் இரவு, பஃபரில் மூன்று முறை அலசி 1% ஆஸ்மியம் டெட்ராக்சைடில் 2 மணி நேரம், பிறகு நீரை நீக்க எத்தனால் வரிசை, துண்டுகளைப் பதித்து இறுக்க ஸ்பர் ரெசின். வெட்டு 70 நானோமீட்டர், அதைத் தாங்கச் செப்பு கிரிட் (சிறு வலைத்தட்டு). சாயமேற்ற 2% யுரேனைல் அசிடேட் 15 நிமிடம், ரெனால்ட்ஸ் லெட் சிட்ரேட் 5 நிமிடம்.

தைலகாய்டு (பசுங்கணிகத்தின் உள்சவ்வு) அடுக்குகள் அருமையாகத் தெரிகின்றன. ஆனால் மேலே கரும்பொட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சாயமே போடாத கிரிட் சுத்தம். ஆகவே ஆஸ்மியம் படிவு அல்ல. யுரேனைல் மட்டும் போட்டதும் சுத்தம். திசு இல்லாத வெறும் ரெசின் மீதும் பொட்டு இருப்பதால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து விழுந்த லெட் கார்பனேட் என்றே படுகிறது.

இதைத் தடுக்க, மூடிய பெட்ரி தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள், கொதித்து ஆறிய நீர், சாயத்தை மையவிலக்கில் சுற்றி மேல்பகுதியை மட்டும் எடுப்பது, முதல் அலசல் 0.02 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில்: எல்லாம் நடக்கிறது. துளி மேல் மூச்சு விடுவதுகூட இல்லை! இருந்தும் சில கிரிட்டுகளில் வருகிறது.

இடுக்கி முனைகளுக்கு நடுவே தங்கும் யுரேனைல் லெட் துளிக்குள் போவது காரணமாகுமா? நேரத்தை 3 நிமிடமாகக் குறைத்தால் சவ்வுகளின் அழுத்தமான கருமை போய்விடுமா? ஏற்கெனவே பொட்டு விழுந்த கிரிட்டை 10% அசிட்டிக் அமிலத்தில் அலசி மீட்டவர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள், மறுபடி சாயம் போட வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள். "புது சாயம் கலக்குங்கள்" என்பது மட்டும் வேண்டாம், அது முடிந்துவிட்டது.