பெரியப்பாவின் கேசட்டுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வயலும் மாடுமாகவே வாழ்ந்த பெரியப்பா போன மாதம் தவறிவிட்டார். பரணில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே 23 கேசட்டுகள், அவரே பற்றவைத்த ஆஸிலேட்டர் (மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவி) ஒன்று. பாட்டெல்லாம் இல்லை. பம்ப்செட் இரைச்சல் மெல்ல மெல்ல விசிலாக உயர்ந்து, பிறகு உடைந்து சிதறுகிறது. பெரியம்மாவுக்கே தெரியாதாம்! ரேடியோ ரிப்பேர் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாராம்.

சாதாரண டெக்கில் இரண்டு பக்கமும் இழுவையாக ஓடுகிறது. பி பக்கம் தலைகீழாக வேறு. நான்கு டிராக் ரெக்கார்டரில் (நாடாவின் முழு அகலத்திலும் நான்கு ஒலித்தடங்களை ஒரே திசையில் பதியும் கருவி), இரட்டை வேகத்தில் (நொடிக்கு 9.5 செ.மீ.) பதிந்திருப்பார் என்பது என் ஊகம். அப்படி ஓடும் டெக் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் இரு பக்கத்தையும் கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, பி பக்கத்தைத் திருப்பிப் போட்டால் நான்கு டிராக்கும் ஒத்துப்போகுமா? நாடா பழசு, அடிக்கடி ஓட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.