காமன் கூத்து நாடகமா, சடங்கா? 35 புள்ளி வாங்கியவன் கேட்கிறேன்

மாசிப்பனி:
வணக்கம். காலேஜ்ல முதலாம் வருசம். விருப்பப் பாடமா நாடக ரசனை எடுத்திருக்கேன். முதல் ஒப்படை, நேரில் பார்த்த ஒரு நாடகத்துக்கு மூன்று பக்கத்தில் ரசனைக் குறிப்பு. யூடியூப்ல பார்த்தது செல்லாது. எங்க தேயிலைத் தோட்டத்துல மாசி மாசம் நடந்த காமன் கூத்தை, சிவன் மன்மதனை எரிச்ச கதையை விடிய விடிய ஆடுறதை, எழுதிக் கொடுத்தேன். நூற்றுக்கு 35. ஓரத்துல சிவப்பு மையில ஒரே வரி: "இது சடங்கு, நாடகம் அல்ல." கொழும்புல இருந்து வர்ற கூட்டாளி மண்டபத்துல ஒரு சிரிப்பு நாடகம் பார்த்து எழுதி 70 எடுத்துட்டான். மலைநாட்டு மஸ்கெலியாவுல நான் எந்த மண்டபத்தைத் தேடுறது? சேர் சொன்னது சரியான்னு மட்டும் சொல்லுங்க.

தப்புச்சத்தம்:
சரியில்ல தம்பி. இதே பாடத்துல கிரேக்க நாடகம் வரும், அப்ப கையைத் தூக்கிக் கேளுங்க. ஏதென்சில் சோபோக்கிளீசின் நாடகங்கள் நடந்தது டயோனிசஸ் சாமிக்கு எடுத்த திருவிழாவுல. முன்வரிசையில மரியாதை ஆசனம் அந்தச் சாமியோட பூசாரிக்கு. அந்தச் சாமிக்குப் பாடின பாட்டுக்கூட்டத்தோட தலைவர்கள்கிட்ட இருந்துதான் அவல நாடகம் வந்ததுன்னு அரிஸ்டாட்டிலே சொல்றார். அது நாடகம், நம்ம ரதியும் மன்மதனும் வந்தா மட்டும் சடங்கா?

அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சொக்கரியைப் பாருங்க. அறுவடை முடிஞ்ச களத்துமேட்டுல, பத்தினித் தெய்வத்துக்காக ராத்திரியில ஆடுறது. குருவும் பொண்டாட்டி சொக்கரியும் வேலைக்காரனும் இந்தியாவுல இருந்து இலங்கைக்கு வர்ற கதை. அதை நாட்டார் நாடகம்னு எல்லாப் பாடப்புத்தகமும் ஒத்துக்குது. நம்மளுக்குன்னா மட்டும் சிவப்பு மை.

திரைக்குப்பின்:
தப்புச்சத்தம் தம்பி, கொஞ்சம் மெதுவாக அடியுங்கள். நான் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன். அந்த விரிவுரையாளரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஏதென்சில் திருவிழா நடந்தது உண்மை. ஆனால் அங்கே ஆள் ஆளாக நாடகம் எழுதினார்கள், போட்டி நடந்தது, நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். நாடகம் தோற்றால் எழுதியவனுக்குத்தான் வெட்கம். காமனில் தோற்பது யார்? நோன்பிருந்து, கம்பம் நட்டு, நேர்த்தி வைத்து நடத்துகிறீர்கள். முறை தவறினால் ஊருக்கு ஆகாது என்று பயப்படுகிறீர்கள். அங்கே சுற்றி நிற்பவர்கள் பார்வையாளர்கள் அல்ல. "எமனின் ஒப்பனை சுமார், வீரபத்திரனின் குரல் எடுபடவில்லை" என்று அதற்கு ரசனைக் குறிப்பு எழுதுவது, கோயில் பூசைக்குப் புள்ளி போடுவது மாதிரி. முதல் வருடத்தில் பிள்ளை முதலில் அளவுகோலைப் பழகட்டும்.

நானுஓயா பயணி:
மேடைக் கணக்கு நம்மகிட்ட அப்பவே இருக்கு சேர். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதை: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மூணு திரை வேற. கிரேக்கத்துக்கு எதுக்குப் போகணும்?

கொழுந்துக்கூடை:
அது மாதவி சோழ ராஜா முன்னாடி ஏறின மேடை. நம்ம பெரட்டுக்களத்துல, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற வெட்டவெளியில, திரையை எதுல கட்டித் தொங்கவிடப் போறீங்க அண்ணே?

நானுஓயா பயணி:
சரி, விடுங்க. 🙂 தம்பிக்கு ஒரு உபயோகமான விசயம். மண்டபம்தான் வேணும்னா பேராதனைக்கு ரயில்ல போகலாம். பல்கலைக்கழகத்துத் திறந்தவெளி அரங்குக்குக் கூரையே கிடையாது, சரிவுல உட்கார்ந்துதான் பார்க்கணும். சரச்சந்திராவோட சிங்கபாகுங்கிற சிங்கள நாடகம் 1961ல முதல்ல ஏறினது அங்கதான். ஒரே சிக்கல், நாடகம் முடிஞ்சு மஸ்கெலியாவுக்குத் திரும்பி வர அந்த நேரத்துல ஒண்ணும் கிடைக்காது. ஸ்டேசன்லதான் படுக்கணும். நான் படுத்திருக்கேன்.

தப்புச்சத்தம்:
திரைக்குப்பின் சேர், சடங்கு ஒரு பெட்டி, நாடகம் ஒரு பெட்டின்னு நீங்க பிரிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கல. ரிச்சர்ட் ஷெக்னர்னு ஒரு அமெரிக்க அரங்க ஆய்வாளர் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். பலன் வேண்டிச் செய்றது ஒரு முனை, பொழுதுபோக்கு மறுமுனை, எந்த நிகழ்த்துகையும் நடுவுல எங்கேயோ நிக்கும். விடிய விடிய நடக்கிற காமனுக்குள்ளயே குறவன் குறத்தி வந்து ஊரைச் சிரிக்க வைக்கிறாங்க. மன்மதன் எரிந்தான்னு ஒரு கட்சி, எரியலன்னு ஒரு கட்சி, லாவணிங்கிற வாதப் பாட்டுப் பாடிச் சண்டை போடுறாங்க. அதெல்லாம் எந்த நேர்த்திக்கு?

திரைக்குப்பின்:
ஷெக்னரை நானும் படித்திருக்கிறேன். இடையில் நிற்கிறது என்றால், அதை நாடகப் பக்கம் இழுக்க ஒருவர் உழைக்க வேண்டும். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் பேராதனையில் செய்தபோது அந்த உழைப்பைத்தான் போட்டார். விடியும்வரை ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கினார், ஆட்டத்தைச் செம்மையாக்கினார், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார்.

தப்புச்சத்தம்:
அப்ப அதுக்கு முன்னாடி சுத்தி நின்னு பார்க்கிற வட்டக்களரியில அண்ணாவிமார், அதான் கூத்து வாத்தியார்மார், ஆட வச்சது என்ன சேர்? ஒத்திகையா?

கொழுந்துக்கூடை:
ரெண்டு பேரும் நல்லாத்தான் அடிச்சுக்கிறீங்க. நான் வேற கேள்வி கேட்கிறேன். சின்னப் பிள்ளையில எனக்கு ரதி வேசம் கட்ட ஆசை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கூத்து"ன்னாங்க. பொம்பளை வேசத்தையும் ஆம்பளைங்களே கட்டினாங்க. தப்பு மேளம் அடிக்க வர்றவங்களுக்கு டீயை எந்தக் கோப்பையில கொடுத்தாங்கன்னு எங்க தோட்டத்துல வளர்ந்தவங்களுக்குத் தெரியும். நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து மலைநாட்டுக்கு வந்து 200 வருசம் ஆச்சுன்னு 2023ல எல்லாரும் பெருமையாப் பேசினோம், இதைப் பேசல. யாரு ஆடலாம், யாரு அடிக்கணும், யாரு எட்டி நின்னு பார்க்கணும், இதையெல்லாம் பார்க்காம என்ன ரசனை?

தம்பி, நீங்க எழுதினதுல ஒரு பக்கத்தைப் போடுங்க. பார்க்காமலே எல்லாரும் தீர்ப்புச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

மாசிப்பனி:
போடுறேன் அக்கா. தொடக்கம் இது:

"தவத்தில் இருந்த சிவபெருமானின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்பினர். மன்மதன் மலர்க்கணை தொடுத்தான். சினமுற்ற சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்தார். ரதிதேவி புலம்பி அழுதாள். இக்கதையே எமது தோட்டத்தில் காமன் கூத்தாக ஆடப்படுகிறது…"

அப்படியே ரதி கல்யாணம், தூதன் வர்றது, எரிஞ்ச பிறகு மன்மதன் எழும்புறது வரைக்கும் போகும். கடைசிப் பத்தியில "நடிகர்கள் சிறப்பாக நடித்தனர், தப்பின் ஓசை காதுக்கு இனிமையாக இருந்தது"ன்னு எழுதினேன்.

கொழுந்துக்கூடை:
ஐயோ தம்பி.

திரைக்குப்பின்:
இப்போது விளங்குகிறது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் புராணம். உங்கள் கூத்தைப் பார்க்காதவனும் இதை எழுதலாம். நான் என்றால் 35க்கும் யோசித்திருப்பேன், ஆனால் "சடங்கு" என்று காரணம் எழுதியிருக்க மாட்டேன், "கூத்து எங்கே?" என்று எழுதியிருப்பேன்.

ஜெர்மன் கவிஞர் கோத்தே சொன்னதாக இந்தப் பாடத்தில் மூன்று கேள்வி படிப்பிப்பார்கள். கலைஞன் என்ன செய்ய முயன்றான், அதை எவ்வளவு நன்றாகச் செய்தான், அது செய்யத் தகுந்ததா. மூன்றாவதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். உங்கள் குறிப்பில் முதலாவதற்கே பதில் இல்லை. கதையை மூடி வையுங்கள். அன்று இரவு எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், என்ன கேட்டது, எந்த இடத்தில் கூட்டம் மாறியது? அதைச் சொல்லுங்கள்.

மாசிப்பனி:
அப்பாயிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நல்ல பனி, சாக்கைப் போர்த்திக்கிட்டு. ரதி வேசம் கட்டினது கொழும்புல சாப்பாட்டுக் கடையில வேலை செய்ற எங்க லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அண்ணன். சாயங்காலம் அவர் சேலை கட்டும்போது பொடியனுங்க விசிலடிச்சுக் கேலி பண்ணாங்க, அவரும் சிரிச்சாரு.

கம்பத்துல தீ வைக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தப்பு நின்னுச்சு. ராத்திரி முழுக்க அடிச்சது. நின்னதும் பக்கத்து டிவிசன் நாய் குரைக்கிறதுகூடக் கேட்டுச்சு. தீ ஏறினதும் ரதி ஒப்பாரி எடுத்தாரு. அது பாட்டு மெட்டு இல்ல, எங்க லயத்துல சாவு விழுந்தா பொம்பளைங்க வைக்கிற அதே இழுப்பு. எங்க தாத்தா செத்து ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அப்பாயி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. கேலி பண்ண பொடியனுங்க ஒருத்தனும் தலை நிமிரல. போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தவன் கையை இறக்கிட்டான்.

விடிஞ்சு அந்த அண்ணனைத் தண்ணிப் பீலியில பார்த்தேன், மூஞ்சிச் சாயத்தைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. அப்பாயி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடல. "ரதி, டீ குடிச்சியா"ன்னு கேட்டாங்க.

கொழுந்துக்கூடை:
இது எத்தனையாம் பக்கத்துல இருக்கு?

மாசிப்பனி:
எழுதல அக்கா. இதெல்லாம் வீட்டு விசயம்னு நினைச்சேன்.

தப்புச்சத்தம்:
எழுதுங்க தம்பி! சாயங்காலம் விசிலடிச்சவனையே ராத்திரி தலை குனிய வச்சிருக்கார் அந்த அண்ணன். அது நடிப்பு இல்லாம வேற என்ன? திரைக்குப்பின் சேர், இனியாவது ஒத்துக்கிறீங்களா?

திரைக்குப்பின்:
நடிப்பை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாயம் கழுவிய பிறகும் அந்த அம்மாவுக்கு அவன் ரதிதான். மண்டபத்து நாடகத்தில் அது நடக்காது. ஆகவே சடங்கு என்றுதான் நான் இன்னும் சொல்வேன். இதை எழுதியிருந்தால், சடங்கு என்று சொல்லிக்கொண்டே 65 போட்டிருப்பேன். தம்பி, மறுபடி எழுதித் தர அனுமதி கேளுங்கள். முதல் வருடம்தானே, கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் விசாரித்துவிட்டு எழுதுங்கள்: தப்பை நிறுத்தச் சொன்னது யார்? கூத்து வாத்தியாரா, அடித்தவர்கள் தாங்களாகவே நிறுத்தினார்களா, வழிவழியாக அந்த இடத்தில் நிறுத்துகிற முறையா?

கொழுந்துக்கூடை:
அடிச்சவங்ககிட்டயே கேளுங்க தம்பி. அவங்களை யாரும் கேட்கிறதில்ல.

மாசிப்பனி:
தப்படிக்கிற மாமா கீழ் லயத்துலதான் இருக்காரு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறப்ப பார்க்கிறேன். ரதி அண்ணனுக்கு இன்னிக்கு ராத்திரியே கோல் எடுக்கணும். கடை பத்து மணிக்குத்தான் மூடுவாங்க.