மச்சான் பொண்ணு வார்டு எலெக்‌ஷன்ல நிக்கிறா, பழைய ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் எடுத்து ஒட்டுறாங்க, என்ன செய்யலாம்?

பீனிக்ஸ்வாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இந்திய வம்சாவளிக்காரங்க அதிகமா இருக்குற பீனிக்ஸ்ல 2008லேருந்து இருக்கேன், பொறந்தது மாயவரம் பக்கம், பொண்ணு கட்டினது இந்த நாட்டுல நாலு தலைமுறையா இருக்குற குடும்பத்துல. மச்சான் பொண்ணு வர்ற முனிசிபல் எலெக்‌ஷனுக்கு எங்க வார்டுல சுயேச்சையா நிக்கப்போறா, அதுக்கு வார்டு ஓட்டருங்க 50 பேர் கையெழுத்து வேணும், வீடு வீடா ஏறி இறங்குறா. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் தண்ணி வராம கிடந்தப்ப டேங்கர் எந்தத் தெருவுக்கு எப்ப வரும்னு விசாரிச்சு வாட்ஸப்ல போட்டு, வயசானவங்க வீட்டுக்கு அவளே பக்கெட் தூக்கிட்டுப் போனவ.

போன வாரம் டக்‌ஷாப் (பெட்டிக்கடை) கம்பிக் கதவுல ரெண்டு ஏ4 தாள் ஒட்டியிருந்தது. முதல் தாள்ல அவ ராத்திரி விளையாடுற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேம்ல அவளோட கேரக்டர், பச்சை மூஞ்சி, கையில கோடாலி, கீழ "ரெண்டு மணி வரைக்கும் வெட்டு குத்து, இவளா கவுன்சிலர்?"னு எழுதியிருந்தாங்க. ரெண்டாவது 2021 ஜூலை கலவரத்தப்ப அவ ஃபேஸ்புக்ல போட்டது: "பம்பாய்லேருந்து வர்ற எவனையும் உள்ள விடாதீங்க, எல்லாம் கொள்ளையடிக்கத்தான் வர்றானுங்க." (வெளியூர்க்காரங்களுக்கு: இது மும்பை இல்ல, பீனிக்ஸை ஒட்டி இருக்குற கறுப்பின மக்கள் குடியிருப்பு.) ரெண்டும் ஒரே டேப்புல ஒட்டியிருந்தது.

அவ முதல் தாளுக்குத்தான் ரொம்ப அழுதா, கேமை நிறுத்திடுறேன், அக்கவுன்ட்டை அழிச்சிடுறேங்குறா. எனக்கு ரெண்டாவது தாள்தான் தூக்கத்தைக் கெடுக்குது. ரெண்டையும் அழிச்சுட்டு பேசாம இருக்கலாமா?

ஜோபர்க் அண்ணன்:
கேமை அழிக்கவே வேணாம் தம்பி. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல 2012ல கொலீன் லக்கோவிச்னு ஒரு சமூக சேவகி மாநில செனட்டுக்கு நின்னாங்க, அவங்களும் இதே வார்கிராஃப்ட்தான், ஆர்க்ங்கிற பச்சை ராட்சச இனத்துல ரோக் (பதுங்கித் தாக்குற) கேரக்டர், பேரு சான்டியாகா. அவங்களை எதிர்த்து நின்ன ரிபப்ளிகன் கட்சி அதுக்குன்னே தனியா ஒரு வெப்சைட் தொடங்கி, வீட்டுக்கு வீடு நோட்டீஸும் அனுப்பினாங்க. அந்தம்மா ஒளியல, ஆமா விளையாடுறேன்னு சொன்னாங்க, உலகம் பூரா கேம் ஆடுறவங்க ஆதரவா கிளம்பிட்டாங்க, அந்த நவம்பர்ல பதவியில இருந்தவரையே தோக்கடிச்சு ஜெயிச்சாங்க. நம்மாளுங்க ராத்திரி முழுக்க கிரிக்கெட் பாத்தா யாரும் நோட்டீஸ் ஒட்டுறாங்களா? பொம்பளப் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாதான் கண்ணை உறுத்துது.

ஆனா அங்கயும் கேமோட நிறுத்தல, அவங்க பிளாக்ல எழுதின பழைய கமெண்டுகளையும் தோண்டி எடுத்துச் சேர்த்துதான் போட்டாங்க. அதே டேப்பு கதைதான். கேம்ல வெட்டுனது பொம்மையை, கமெண்ட்ல பேசுறது உசிரோட இருக்குற ஆளுங்களை, ரெண்டுக்கும் ஒரே பதில் சொல்லாதீங்க.

கடலோரம்:
நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஜூலையில முன்னாள் ஜனாதிபதி ஜூமாவை ஜெயில்ல போட்டப்புறம் நாடு பூரா 350 பேருக்கு மேல செத்தாங்க, போலீஸ் வரல, கடையில பிரெட் இல்ல, தெருமுனையில டயரை அடுக்கி வச்சுட்டு நாங்களும் ராத்திரி முழுக்க நின்னோம். அந்த நேரத்துல யார்தான் பயத்துல எதையும் டைப் பண்ணல? இவ இப்ப மன்னிப்பு கேட்டா, ஒத்துக்கிட்டா பாருன்னு அதையே அடுத்த தாள்ல ஒட்டுவான். சத்தமில்லாம அழிச்சுட்டு தண்ணிப் பிரச்சினையைப் பேசச் சொல்லுங்க.

பழைய டீச்சர்:
அழிச்சா மட்டும் போயிடுமா ஐயா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவன்கிட்ட இருக்கே. 2024ல ரெனால்டோ கௌஸ் கதையைப் பாத்தோமே. டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சி எம்.பி.யா பதவியேத்து ஒரு வாரத்துக்குள்ள, பல வருஷத்துக்கு முன்ன கறுப்பினத்தவங்களைக் கேவலமான வார்த்தையில திட்டின வீடியோ வெளிய வந்தது. போலியா இருக்கும்னு முதல்ல கட்சி நினைச்சது, அப்புறம் நிஜம்தான்னு அவங்களே சொல்லி சஸ்பெண்ட் பண்ணாங்க, கடைசியில கட்சியும் போச்சு எம்.பி. பதவியும் போச்சு. உங்க பொண்ணு எழுதினது அந்த அளவு இல்ல, அந்த வார்த்தையும் இல்ல. ஆனாலும் அந்த வாரம் பீனிக்ஸ்ல மட்டும் 30 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் கறுப்பினத்தவங்க, நம்மாளுங்க தெருமுனையில போட்ட அந்தத் தடுப்புகள்ல மாட்டினவங்களும் அதுல உண்டு. "உள்ள விடாதீங்க"ங்கிற வரியை அதைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சுப் பாருங்க.

என்கூட ஸ்கூல்ல சமையல் வேலை பாத்தவங்க பம்பாய்காரங்க. அந்த வாரம் அவங்க வீட்டுக்குப் போகணும்னா எங்க தெரு வழியாத்தான் போகணும். ஸ்கூல் ஏப்ரனைக் கழட்டாம போட்டுக்கிட்டே நடந்தாங்க, அதைப் பாத்தாவது வேலைக்குப் போற ஆளுன்னு தெரியட்டும்னு. இன்னைக்கும் அந்த ஏப்ரன் கண்ணுக்குள்ள நிக்குது. கடலோரம் சார், நீங்க பயந்தது நிஜம், நான் இல்லைங்கல, அவங்களும் அதே ராத்திரி பயந்தாங்க.

பீனிக்ஸ்வாசி தம்பி, அவளை பம்பாய்க்கு நேர்ல போகச் சொல்லுங்க. எலெக்‌ஷனுக்காக ஃபேஸ்புக்ல நாலு வரி போட்டா யாருக்கும் ஒட்டாது. அங்க இருக்குறவங்க பேசுற ஜூலு மொழியில, அவ வாயால, "யாரையாவது புண்படுத்தியிருந்தா"ன்னு மழுப்பாம, நான் இதை எழுதினேன், தப்புன்னு சொல்லணும். போஸ்டை அழிக்கிறதா இருந்தா அதுக்கப்புறம் அழிக்கட்டும்.

பீனிக்ஸ்வாசி:
எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதினதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "மாமா, அந்த ஜனங்களும் நம்ம வார்டு ஓட்டருங்கதானே, அவங்ககிட்ட நான் ஒரு கையெழுத்துகூட கேக்கலையே"ன்னா. அது எனக்கும் உறைக்கல பாருங்க.

அவ மருந்துக்கடையில கூட வேலை பாக்குற பொண்ணு பம்பாய்தான், ஆறு வருஷமா ஒண்ணா சாப்பிடுறாங்க. ஜூலுவுல ஒரு பக்கம் எழுதி அந்தப் பொண்ணுகிட்ட திருத்தக் கொடுத்திருக்கா. அந்தப் பொண்ணுக்கு போஸ்ட் விஷயம் 2021லேயே தெரியுமாம், இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லல. இலக்கணத்தை மட்டும் திருத்திட்டு, "அப்போ நாங்க பயந்துபோயிருந்தோம்"ங்கிற வரியில பேனாவால கோடு போட்டு அடிச்சிருக்கா.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல அக்கம்பக்கத்தவங்களை உக்காரச் சொல்லியிருக்காங்க, நான்தான் கார் ஓட்டுறேன். கேம் அக்கவுன்ட்டை அழிக்கல.