திருவிழா போட்டோ சைட்டுக்கு அப்பாச்சியா என்ஜின்எக்ஸா?

குடியாத்தம்_கேமரா:
வணக்கம். வருஷா வருஷம் வைகாசி 1 எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுல எடுக்கிற போட்டோவையெல்லாம் ஒரு சைட்ல போட்டு வெக்கிறேன், வெறும் ஹெச்டிஎம்எல்லும் ஜேபிஜியும்தான், டேட்டாபேஸ் கிடையாது. 1 ஜிபி ராம் விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்), உபுண்டு லினக்ஸ், பக்கத்தை அனுப்புற வெப் சர்வர் சாஃப்ட்வேர் அப்பாச்சி. இந்த வருஷம் சாயங்காலமா லிங்க்கை வாட்ஸ்அப்ல போட்டேன், பெங்களூர்ல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க எல்லாம் ஒரே நேரத்துல தொறக்க சர்வர் படுத்துடுச்சி, எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையிற வழி) கூட நான் உள்ள போக முடியல. வரமுடியாதவங்க அம்மனைப் பாக்கத்தான் அந்த லிங்க்கே, மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சி. பெரிய விபிஎஸ் வாங்கணுமா, என்ஜின்எக்ஸ்ங்கிற இன்னொரு வெப் சர்வருக்கு மாறினா போதுமா?

காட்பாடி_லினக்ஸ்:
பெரிய மெஷின் வேணாம்ணா. பிஹெச்பி (சர்வர்ல ஓடுற ஸ்கிரிப்ட் மொழி) மாட்யூல் போட்டு வெச்சிருப்பீங்க, அதனால அப்பாச்சி ப்ரிஃபோர்க் மோட்ல ஓடிக்கினு இருக்கும், அதுல கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ் (தனியா ஓடுற புரோகிராம்), உபுண்டு கான்ஃபிக்ல லிமிட் 150. ஒண்ணுக்கு 20 எம்பின்னு வெச்சாலும் 3 ஜிபி ஆச்சே, உங்ககிட்ட இருக்கிறது 1. ராம் பத்தாம ஸ்வாப்புக்கு (டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்துறது, ரொம்ப ஸ்லோ) போய் உறைஞ்சிடும். அதுலயும் சிக்னல் கம்மியா இருக்கிற போன்காரர் ஒரு படத்தை இறக்கி முடிக்கிற வரைக்கும் அந்த ப்ராசஸ் அவருக்கேதான். என்ஜின்எக்ஸ்ல ஒரு வொர்க்கர் ப்ராசஸே ஆயிரக்கணக்குல கனெக்‌ஷனை பாத்துக்கும், 2004-ல ஈகோர் சிசோயெவ் அதை வெளியிட்டப்பவே ஒரே நேரத்துல வர்ற 10,000 கனெக்‌ஷன் பிரச்சனையை மனசுல வெச்சிதான் எழுதியிருந்தாரு. மாறிடுங்க, சென்ட்ஃபைல் (ஃபைலை நேரா நெட்வொர்க்குக்கு அனுப்புற வசதி) ஆன் பண்ணிடுங்க.

ஆற்காடு_அட்மின்:
மாறணும்னு அவசியமே இல்ல தம்பி. பிஹெச்பி மாட்யூலை தூக்கிட்டு ஈவென்ட் எம்பிஎம் (ஆளுக்கு ஒரு ப்ராசஸ் வெக்காத அப்பாச்சி மோட்) போடுங்க, கான்ஃபிக்ல அலவ்ஓவர்ரைட் நன் குடுங்க, இல்லன்னா ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஹெச்டிஅக்சஸ் (அந்த ஃபோல்டருக்குன்னு தனி செட்டிங் ஃபைல்) இருக்கான்னு தேடிக்கினே இருக்கும். அது சரி, ஒரு படம் எத்தினி எம்பி?

குடியாத்தம்_கேமரா:
கேமராவுல இருந்து அப்படியே போட்டதுண்ணா, 6 எம்பி. ஒரே பக்கத்துல 200 படம்.

ஆற்காடு_அட்மின்:
அங்கதான் விஷயமே! ஒரு ஆள் பக்கத்தை தொறந்தா 1.2 ஜிபி. 100 எம்பிபிஎஸ் (மெகாபிட், 8-ஆல வகுத்தா மெகாபைட்) லைன்னா செகண்டுக்கு 12 எம்பி, அதாவது ரெண்டு படம், ஊருக்கே சேத்து. எந்த சர்வர் போட்டாலும் லைன் அதேதானே. 1600 பிக்சலுக்கு சுருக்கி வெப்பி (WebP) ஃபார்மட்டுக்கு மாத்துங்க, பக்கத்துல சின்ன தம்ப்நெயில் மட்டும் வெச்சி லேசி லோடிங் (கீழ போகப் போக படம் இறங்குறது) போடுங்க, தொட்டா பெருசு வரட்டும். கேஷ் கன்ட்ரோல்ல (பிரவுசர் படத்தை எவ்ளோ நாள் தன்கிட்டயே வெச்சிக்கலாம்னு சொல்றது) ஒரு வருஷம் குடுங்க, படத்தை மாத்தினா ஃபைல் பேரையும் மாத்திடணும். ஜிஜிப் (அனுப்புறப்ப ஃபைலை அமுக்குறது) ஹெச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் மட்டும், படம் ஏற்கனவே சுருக்கினதுதான், திரும்ப அமுக்கினா சிபியுதான் வீண்.

காட்பாடி_லினக்ஸ்:
அண்ணன் சொல்றது சரி, படத்தோட சைஸை நான் கேக்காம விட்டுட்டேன். மொதல்ல அதை பண்ணுங்க, சர்வரை அப்புறம் மாத்திக்கலாம்.

குடியாத்தம்_கேமரா:
இன்னிக்கு ராத்திரியே சுருக்க ஆரம்பிக்கிறேன். ஃப்ரேம் போட ஒரிஜினல் கேக்கிறவங்களுக்கு தனியா அனுப்பிக்கிறேன். ரொம்ப நன்றிண்ணா.